பின்னறையில் ஒரு வெளிநாடு

கைப்பேசி அடித்ததும் கூடத்தில் இருந்த ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்காக, பெண் வீட்டார் பயத்தில்.

"அவதான்," என்றாள் அம்மா. தேநீர்க் கோப்பையைத் தட்டோடு சேர்த்து அவசரமாக மேஜைமேல் வைத்தாள். "மூத்தவ. வெளிநாட்டுலேருந்து. தங்கச்சிய பார்க்க வராங்கன்னு சொல்லியிருந்தேன். பாவம், அங்க இப்போ விடியக்காலை. தூக்கத்த விட்டுட்டுக் கூப்பிடறா."

அந்த வீட்டில் வெளிநாடு என்பது கூடத்தைத் தாண்டி, சமையலறையையும் தாண்டி, வலது கைப்பக்கம் இருந்தது. ஒரு கதவு, ஒரு ஜன்னல். கதவுக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள். மூத்தவளை யாரும் பூட்டி வைக்கவில்லை. அப்படிச் சொன்னால் அது அபாண்டம். போடச் சொன்னார்கள், அவளே போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். கதவின்மேல் ஒரு பழைய போர்வையும் கிழிந்த குடையும் தொங்கும். பார்ப்பவர்கள் அதைச் சாமான் அறை என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

இப்படி ஓர் ஏற்பாடு வேறு எந்த வீட்டில் இருந்திருந்தாலும் சொல்ல ஒன்றுமில்லை. இது முத்திரை சாரின் வீடு.

முத்திரை சார் கடைத் தராசுகளைச் சோதித்து ஈய முத்திரை குத்தும் அதிகாரி. சந்தைக்குள் அவர் நுழைந்தால் தராசுத் தட்டுகள் தாமாகவே நேராகிவிடும் என்பார்கள். ஒருநாள் சோதனை நடக்கும்போது ஓர் ஈ வந்து தட்டில் உட்கார்ந்தது. விரட்டினால் காற்றில் தட்டு அசையும், விரட்டாவிட்டால் ஈயும் கணக்கில் சேரும். ஈ தன் இஷ்டத்துக்குக் கிளம்பும் வரை சார் சந்தையையே நிறுத்தி வைத்தார். வெங்காயம் முளைவிட்டது என்று சொல்பவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். ஆனால் அடியில் குடைந்த எடைக்கல் வைத்திருந்த சொந்த மைத்துனனை அவர் கோர்ட் படி ஏற்றியது மட்டும் அப்பட்டமான உண்மை. அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. "ஒரு குந்துமணிப் பொய்யும் பொய்தான்" என்று அவர் அந்த மாதம் முழுக்க சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூத்தவளைத் தையல் மெஷின் கடைக்காரன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் அவள் ஒரு பையோடும் கிழிந்த உதட்டோடும் திரும்பி வந்தாள். "வழுக்கி விழுந்தேன்னு சொல்லட்டுமாப்பா, நிஜத்தச் சொல்லட்டுமா?" என்று வாசலிலேயே கேட்டாள். சார் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "மொதல்ல உள்ள வா, நாலு பேர் பாக்கப் போறாங்க," என்றாள் அம்மா. உதடு ஆறும் வரை உள்ளேயே இருக்கட்டும் என்றார்கள். உதடு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. தாழ்ப்பாள் ஆறவில்லை. ஓங்கியது அவன் கை. ஒளித்து வைத்தது இவள் முகத்தை. அவன் இன்றைக்கும் கடைத்தெருவில் கஞ்சி போட்ட சட்டையோடு கல்லாவில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டிருக்கிறான்.

அப்போதுதான் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், டீ ஆறுவதற்குள் எதையாவது கேட்க வேண்டுமே என்று, "மூத்தவ எப்படி சார் இருக்கா?" என்று கேட்டார். பொய் சொல்லிப் பழகாத மனிதருக்கு அதில் எது நூறு கிராம், எது ஒரு கிலோ என்று எப்படித் தெரியும்? பழகிய ஆளாக இருந்தால் "நல்லா இருக்கா" என்று சில்லறையாக முடித்திருப்பார். முத்திரை சார் மூட்டையாகவே இறக்கினார்.

"வெளிநாடு போயிட்டா."

"அப்படியா! எந்த நாடு சார்?"

"குளிரான நாடு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார்.

தெருவுக்கு எல்லாம் தெரியும். தெருவுக்குத் தெரியாமல் தெருவில் என்ன நடக்கும்? ஆனாலும் சார் சொன்னது. சார் சொன்னால் அது முத்திரை குத்திய சொல். ஆகவே தெருவே சேர்ந்து மூத்தவளை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தது. வானொலி என்று பேரெடுத்த பக்கத்து வீட்டுக்காரி கம்பளிச் சட்டை ஒன்று பின்னி எடுத்து வந்து, "அனுப்பி வைங்கக்கா, அங்க குளிருமே," என்றாள். ஜன்னல் திறக்காத பின்னறையில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு மூத்தவள் அதை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். அந்த ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் வானொலி குரலை உயர்த்துவாள். "அளவு சரியா இருக்காமாக்கா?" ஒருநாள் உள்ளேயிருந்து ஒரு தும்மல் கேட்டது. வானொலி நின்றாள். "குளிர் ஜாஸ்திதான் போல. இங்க வரைக்கும் கேக்குதே!" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் நடந்தாள்.

அந்த அறையிலிருந்து ஒரே ஒரு வேலை மட்டும் தவறாமல் நடந்துகொண்டிருந்தது. சாரின் சோதனைப் பெட்டியில் வெல்வெட் குழிகளுக்குள் பித்தளை எடைக்கற்கள் இருக்கும். மற்ற எடைக்கற்களின் யோக்கியதையை அவற்றை வைத்துத்தான் பார்ப்பது. பாவாடை கட்டிய நாளிலிருந்தே அவற்றைத் துடைத்து வைப்பது மூத்தவள்தான். "வெறுங்கையால தொடாதேம்மா. வேர்வைக்கும் எடை உண்டு," என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். மெத்தென்ற தோல்துணியில் ஏந்தி, ஒவ்வொன்றாகத் துடைத்து, குழியில் படுக்க வைப்பாள். வெளிநாடு போன பிறகும் வாராவாரம் அதைச் செய்தாள். அப்பா பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவார். காலையில் அது பளபளவென்று அதே இடத்தில் இருக்கும். இரண்டு பேரும் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

"தங்கச்சி கல்யாணம் முடியட்டும்டி," என்று அம்மா சொல்லியிருந்தாள். "முடிஞ்ச மறுநாளே நீ வெளிய வந்துடு. யாரு கேக்கப் போறா?" அந்த ஒரு மறுநாளுக்காகத்தான் மூத்தவள் உள்ளே இருந்தாள்.

இன்று காலையில் அம்மா அவளுக்கு ஒத்திகை நடத்தினாள். "அவங்க வந்ததும் ஃபோன் பண்ணு. அங்க வேலை நல்லாருக்கு, பனி பெய்யுது, அப்படி இப்படின்னு..."

"ஃபோன் பண்றேன். பேசறேன். பொய் மட்டும் என் வாயிலேருந்து வராதும்மா."

"அடிப்பாவி! ஒரு கொட்டாவியாவது விடு. அங்க விடியக்காலைன்னு சொல்லப் போறேன்."

"கொட்டாவி நிஜமாவே வருது. விடறேன்."

இப்போது கூடத்தில் அழைப்பு அடித்துக்கொண்டிருந்தது. அம்மா எடுத்தாள். "ஹலோ, கண்ணு, கேக்குதா?" என்று, கடல் தாண்டிக் கேட்கவேண்டிய சத்தத்தில் கத்தினாள்.

மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நீதிபோதனை நடத்தி ஓய்வு பெற்ற டீச்சரம்மா. "குடுங்க, நானும் ரெண்டு வார்த்தை பேசறேன். வீடியோல வரச் சொல்லுங்களேன், முகம் பார்த்துப் பேசலாம்."

"அங்க நெட் சரியா வராதுங்க," என்றாள் அம்மா.

"வெளிநாட்டுலயா?"

"குளிர்ல உறைஞ்சுடுதாம்," என்றார் முத்திரை சார். அவர் இன்னும் அளவு கற்றுக்கொள்ளவில்லை.

டீச்சரம்மா அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார். "எப்படிம்மா இருக்கே?"

முதலில் ஒரு நீளமான கொட்டாவி வந்தது. "இருக்கேங்க."

"ரொம்பக் குளிரோ?"

"ஜன்னலையே திறக்கறதில்லீங்க."

"அச்சச்சோ. வெளிய கிளிய போக வர?"

"வெளிய போறதே கிடையாதுங்க. விட மாட்டாங்க."

"அவ்வளவு பனியா!" என்றார் டீச்சரம்மா.

அம்மா தேநீரில் சர்க்கரை போட்டாள். அதில் ஏற்கெனவே இரண்டு தடவை போட்டிருந்தாள். கதவோரம் தட்டோடு நின்ற இளையவள் காதுமடலைத் தடவிக்கொண்டாள். அவள் போட்டிருந்தது அக்காவின் தோடு. காலையில் மூத்தவளே கழற்றிப் போட்டுவிட்டது. இளையவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. நகத்தைக் கடித்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது இவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"வீட்டு ஞாபகம் வருமாம்மா?"

"வீட்டத் தவிர வேற ஞாபகமே இல்லீங்க."

டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்சந்தில் பழைய இரும்பு வாங்குகிறவன் நுழைந்தான். சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டியவன். "பழைய இரும்பு, ஈயம், பித்தளை, ஒடஞ்ச பிளாஸ்டிக், வேண்டாத சாமான் எல்லாம் எடுக்கறதுதான்!" அந்தக் குரல் முதலில் கைப்பேசிக்குள்ளிருந்து வந்தது. பிறகு சமையலறை வழியாக வந்தது. சைக்கிள் வளைந்து திரும்பியதும் வாசல் ஜன்னல் வழியாகவும் வந்தது.

டீச்சரம்மா மூன்று பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயும் பழைய இரும்புக்காரன் வரானாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார் டீச்சரம்மா.

கைப்பேசி சற்று யோசித்தது. "வேண்டாத சாமான் எல்லா வீட்டுலயும் இருக்குதேங்க."

டீச்சரம்மா கைப்பேசியைக் கோப்பைகளுக்கு நடுவில் குப்புற வைத்தார். அழைப்பைத் துண்டிக்கும் ஞாபகம் அவருக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. அவர் எழுந்து போய்விடுவார் என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் டீச்சரம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது.

"எங்க மூத்தவனும் வெளிநாட்டுலதான் இருக்கான்," என்றார்.

"அப்படீங்களா?"

"படிக்கறப்போ மனசு கொஞ்சம் சரியில்லாம போச்சு. அதுலேருந்து வெளிநாடு. அதுவும் குளிரான எடம்தான்."

"மாடியில நல்லா காத்து வரும்," என்றார் அதுவரை வாயைத் திறக்காத அவர் கணவர். "ரெண்டு வேளையும் சாப்பாடு நான்தான் கொண்டு போய்..." மனைவி திரும்பிப் பார்த்தார். "...கொண்டு போய் அனுப்பிட்டு வரேன். பார்சல்ல."

மாப்பிள்ளை நகம் கடிப்பதை நிறுத்தினான்.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே வியாதிக்கு ஒரே மருந்து சாப்பிடுகிறவர்கள் வைத்தியர் வாசலில் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை. இதைவிட நல்ல பொருத்தம் எங்கே கிடைக்கும்?

"அப்போ ஒண்ணு பேசிக்கலாம்," என்றார் டீச்சரம்மா, கரும்பலகை முன்னால் நிற்கும் குரலில். "கல்யாணத்துக்கு உங்க பொண்ணால வர முடியாது, எங்க பையனாலயும் வர முடியாது. அதுல தப்பு இல்ல. அதுக்கப்புறம் ஒரு பேறுகாலம், ஒரு நல்லது கெட்டதுன்னு எங்க ஜனம் இங்க வரும் போகும். திடீர்னு ஒருநாள் அவ வந்து நின்னா எனக்குத் தலைகுனிவு. அதனால உங்க மூத்தவ அங்கயே இருந்துடட்டும். கடைசி வரைக்கும். எங்க பையனும் அப்படித்தான். என்ன சொல்றீங்க?"

அம்மா கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். தரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

"உங்க சௌகரியம்," என்றாள் அம்மா.

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு குடை விழுந்தது. சமையலறையைத் தாண்டி, கைப்பேசியைக் காதில் வைத்தபடியே, மூத்தவள் கூடத்துக்குள் வந்து நின்றாள். வெயில் படாமல் வெளுத்திருந்தாள். தலை வாரியிருந்தாள்.

"வணக்கம்," என்றாள். ஒரு வணக்கம் அவள் வாயிலிருந்து வந்தது. இன்னொன்று மேஜைமேல் கோப்பைகளுக்கு நடுவிலிருந்து வந்தது.

டீச்சரம்மா முப்பது வருடம் வகுப்பைக் கட்டி ஆண்டவர். பதறவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முத்திரை சார் பக்கம் திரும்பி, மூழ்குகிறவருக்குக் கயிறு போடுவதுபோல் அன்பாகக் கேட்டார்.

"வீட்டு வேலைக்கு இருக்கற பொண்ணா சார்? நீங்க சொன்னா சரி. உங்க வார்த்தைக்கு மேல எங்களுக்கு எதுவும் வேண்டாம்."

முத்திரை சார் நிமிர்ந்தார். இளையவளைப் பார்த்தார். அவள் காதில் மின்னிய தோட்டைப் பார்த்தார். மூத்தவளின் முகத்துக்குப் போகாமல் அவர் பார்வை கழுத்தோடு நின்றுகொண்டது. கூடத்தில் ஓர் ஈ பறந்தால்கூடக் கேட்டிருக்கும்.

"ஆமா," என்றார். "வேலைக்கு இருக்கற பொண்ணு."

இந்தத் தடவை அளவு மிகச் சரியாக இருந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, அழைப்பைத் துண்டித்தாள்.

"சரிங்க," என்றாள் அப்பாவிடம். "அப்போ நான் வேலைய விட்டு நின்னுக்கறேன். மகளா இருந்தாத்தான் கஷ்டம். வேலைக்காரின்னா சொல்லிட்டுப் போயிடலாம்."

உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். வந்த அன்றைக்குக் கொண்டுவந்த அதே பை. வாசலுக்கு நடந்தாள்.

தட்டு மேஜைமேல் இறங்கும் சத்தம் கேட்டது. "அக்கா, இரு. செருப்பப் போட்டுக்கறேன்," என்றாள் இளையவள்.

"ஏய், நீ எங்கடி போறே?" என்று அலறினாள் அம்மா.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானேம்மா இந்த வீட்டுல வேலைக்குச் சேர்ந்தோம்? அவ போனா நான் மட்டும் எப்படி இருக்கறது?"

அவள் மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தாள். பிடித்திருந்ததை மறைக்கவில்லை. அவன் எழுந்து நின்றான்.

"எங்கண்ணன் வெளிநாட்டுல இல்லீங்க," என்றான். "மாடியில இருக்கான்."

"உக்காருடா," என்றார் டீச்சரம்மா.

அவன் உட்கார்ந்துவிட்டான். அவனிடம் அன்றைக்கு அவ்வளவுதான் இருந்தது.

தெருவில் பட்டப்பகல். வானொலி வாசலில் நின்றாள். பையோடு மூத்தவளைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில், "அடடே, எப்போம்மா வந்தே?" என்றாள்.

"நான் எங்கயும் போகலக்கா."

வானொலிக்கு வாழ்நாளில் முதல் தடவையாக ஒலிபரப்பு நின்றது.

அதன்பிறகு தெரு என்ன செய்தது? தெரு எப்போதும் சாரின் பக்கம்தான். "வேலைக்கு இருந்த பொண்ணு நின்னுட்டாளாமே சார், நல்ல ஆளே கிடைக்கறதில்ல," என்று ஆறுதல் சொன்னார்கள். "சின்னவளும் வெளிநாடு போயிட்டாளாமே?" என்றார்கள். அவர் எதற்கும் தலையை ஆட்டினார். அம்மா மட்டும் சாயங்காலமானால் பின்னறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்று நன்றாக வந்தது.

மூத்தவள் கடைத்தெருவில், தையல் மெஷின் கடைக்கு நேர் எதிரில், ஒரு தானிய மண்டியில் நிறுவைக்குச் சேர்ந்தாள். மண்டிக்கு மேலேயே ஓர் அறை. சகோதரிகள் இருவரும் துவைத்த துணியை வெயிலில், எல்லோரும் பார்க்கக் கொடியில் போட்டார்கள். எதிர்க்கடைக்காரன் சில நாள் வணக்கம் வைக்காமல் குனிந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டான்.

வருடாந்தரச் சோதனைக்கு முத்திரை சார் அந்த மண்டிக்கும் வந்துதான் ஆக வேண்டும். வந்தார். தராசுக்குப் பின்னால் மகள் நின்றாள்.

மண்டிக்காரர் பண்பான மனிதர். தெரிந்ததைத் தெரியாததுபோல் நடத்தத் தெரிந்தவர். "வாங்க சார், வாங்க. இந்தப் பொண்ணு புதுசு. ஏம்மா, சார் யாரு தெரியுமில்ல? இந்த ஊர்ல நேர்மைன்னா சார்தான்."

"தெரியுங்க," என்றாள். "சார் வீட்டுல நான் வேலை பார்த்திருக்கேன்."

சார் பெட்டியைத் திறந்தார். வெல்வெட் குழிகளில் எடைக்கற்கள் மங்கிப்போய், ஓரங்களில் கறுத்துக் கிடந்தன. அவள் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். தோல்துணியைத் தேடினார். எங்கே வைத்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. அதை எடுத்து வைப்பது எந்த நாளும் அவர் வேலையாக இருந்ததில்லை. கடைசியில், அத்தனை வருட உத்தியோகத்தில் முதல் தடவையாக, வெறுங்கையாலேயே ஓர் எடைக்கல்லை எடுத்தார். எடுத்த கை தட்டுக்குப் போகாமல் நடுவிலேயே நின்றது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மண்டிக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள், எதிர்க்கடையில் எண்ணெய் விடுகிறவன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டார்.

"வெறுங்கையால தொடாதீங்க சார்," என்றாள் மூத்தவள். "வேர்வைக்கும் எடை உண்டு."

முத்திரை சார் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவர் எடைக்கல்லைத்தான் துடைத்தார்.